இருமுறை வந்த டெட்ராய்ட்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தின் பல்லவர் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மனின் வாகனங்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. யானையின் பெயர் அரிவாரணம், குதிரையின் பெயர் அதிசயம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தச் செப்பேட்டில் பெருவளநல்லூர்ப் போர் வருணனை உண்டு. பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்கால் உண்டு. ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒதுக்கிய பங்கும் உண்டு. கல்வெட்டு ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் விரிவாக எழுதிவிட்டார்கள். என் கண் நிற்பது குதிரையின் மேல். யானை இந்த மண்ணின் காட்டில் பிடிபடுவது. நல்ல போர்க்குதிரையோ அந்தக் காலத்துத் தமிழகத்துக்குக் கடல்வழி வந்திறங்கும் சரக்கு. சேணமும் தீனியும் பராமரிப்பும்தான் உள்ளூர்க் கைகளின் பங்கு.

மோட்டார் வண்டியும் இந்தப் பக்கத்துக்கு அப்படித்தான் வந்தது. இன்று கூரம், காஞ்சி, வாலாஜாபாத் வட்டாரத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றுகின்றன. ஒரகடம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று ஷிப்ட்டுக்குப் போகிறவர்களில் பட்டு நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. அந்தத் தொழிற்சாலைகளின் வாயிலில் கொரிய, ஜப்பானிய, ஜெர்மானியப் பெயர்கள் இருக்கின்றன. காரை உலகுக்கே மலிவாக்கிய அமெரிக்கர்களின் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் மற்ற எல்லோருக்கும் முன்னால் சென்னைக்கு வந்தவர்களில் அவர்களும் உண்டு. வந்தார்கள், போனார்கள். நாற்பது ஆண்டு கழித்து மறுபடி வந்தார்கள், மறுபடி போனார்கள். இரண்டு முறையும் போன காரணம் வேறு, விட்டுச்சென்ற மிச்சமும் வேறு. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார் செய்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர், குதிரைவண்டிக்காரர் எல்லோரும் இறங்கிப் பார்த்த தொழில் அது. 1852 முதல் வண்டி செய்துவந்த ஸ்டூடிபேக்கர் குடும்பம் அப்படித்தான் கார்களுக்கு மாறியது. 1908-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. வில்லியம் டியூரண்ட் பல சிறு கம்பெனிகளை விழுங்கிச் சேர்க்க ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார்; ஹென்றி ஃபோர்டு மாடல் டி வண்டியை வெளியிட்டார். 1913-ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் வண்டியை நகர்த்தி, ஆளை நிறுத்திவைத்தார் ஃபோர்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேசிஸ் கோப்பு, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யச் சகிக்காமல் ஆட்கள் ஓடினார்கள். அவர்களைப் பிடித்துவைக்க வந்ததுதான் 1914-ன் புகழ்பெற்ற ஐந்து டாலர் தினக்கூலி. அதைத் தர்மமாகப் பார்க்கிறவர்கள் இந்த முன்கதையை மறந்துவிடுகிறார்கள். 1925-ல் ஒரே நாளில் ஒன்பதாயிரத்துக்கு மேல் மாடல் டி வெளிவந்தது உண்டு. 1927-ல் அந்த மாடலை நிறுத்தியபோது கணக்கு ஒன்றரைக் கோடி. கிரைஸ்லர் 1925-ல் சேர்ந்துகொள்ள, நூற்றுக்கணக்கான பெயர்கள் மெல்லக் கரைந்து டெட்ராய்ட்டில் மூன்று பெரிய வீடுகள் மிஞ்சின.

சென்னைக்கு வந்த ஃபோர்டு உண்மையில் கனடாக்காரர். 1904-ல் ஒன்டாரியோவில் தொடங்கிய ஃபோர்டு கனடா கம்பெனிக்கு, பிரிட்டன் நீங்கலாக ஏனைய சாம்ராஜ்யம் முழுவதும் விற்கும் உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் செய்தால் அது சாம்ராஜ்யச் சரக்கு. சுங்கச் சலுகை கிடைக்கும். இந்தியக் கிளை 1926-ல் பம்பாயில் பதிவானது கனடாக் கம்பெனியின் பிள்ளையாகத்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சேவ்ரியில் செவர்லே வண்டிகளைக் கோக்க ஆரம்பித்தது. ஃபோர்டு 1930-ல் சென்னையிலும் அடுத்த ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் கோப்பு ஆலை வைத்தது. 1936-ல் சென்னையின் அடிசன் கம்பெனியும் இந்த வேலையில் இறங்கியது.

கோப்பு ஆலை என்றால் என்ன என்பதை நெசவு தெரிந்த ஊரில் விளக்குவது எளிது. பாவும் ஊடும் ஜரிகையும் டிசைனும் முதலாளி வீட்டிலிருந்து வரும், கூலிக்காரர் நெய்து கொடுப்பார். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த பாகங்களை வரைபடப்படி முடுக்கி, வண்டியாக வெளியே அனுப்பியதும் அப்படித்தான். கூலி நெசவாளிக்காவது கையில் கோர்வை வித்தை இருக்கும். போல்ட்டு முடுக்குகிறவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. முழு வண்டிக்குரிய சுங்கத்தைவிடப் பாகங்களுக்குச் சுங்கம் குறைவு, கப்பலில் இடமும் மிச்சம். கம்பெனிகள் இங்கே ஆலை வைத்ததன் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் ஆலைக்கு வெளியே வேறொன்று நடந்தது. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மோட்டார் தொழிலில் இறங்கி, 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். மாட்டுவண்டிகள் ஆண்ட சாலை அது. காளைகளின் லாட ஆணிகள் சிதறிக் கிடந்து டயரைக் குத்தும். முதல் வண்டியில் காந்தப் பட்டை கட்டி ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே போகச் செய்தார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்ளலாம் என்ற பேச்சும் அந்தக் காலத்தது. இந்த வீடு ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய விற்பனையாளராக வளர்ந்தது. விற்பனையாளர் என்றால் வண்டியைக் காட்டி ரசீது போடுகிறவர் என்று இன்று நினைக்கிறோம். அன்று உதிரிபாகம் கப்பலில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டியை ஓடவைக்கும் பொறுப்பு விற்றவர் தலையில். பட்டறை, கடைசல் எந்திரம், பழகிய மெக்கானிக், பாகக் கிடங்கு எல்லாம் இல்லாமல் பெயர் நிற்காது.

பஸ், லாரி விஷயத்தில் இது இன்னும் ஆழமாகப் போனது. செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ என்று வந்தவை பெரும்பாலும் வெறும் சேசிஸ். அதன்மேல் மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்தி, இருக்கை வைத்துக் கொடுத்தவர்கள் நம் ஊர் ஆசாரிகள். கரூரின் பஸ் பாடி கட்டும் தொழிலும் நாமக்கல்லின் லாரி பாடி தொழிலும் பின்னால் வந்தவை என்றாலும், சேசிஸ் அவர்களுடையது, உடம்பு நம்முடையது என்ற அந்த வேலைப் பிரிவினையின் பேரப்பிள்ளைகள்தாம். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அற்றுப்போனபோது கரியை எரித்து வாயுவில் ஓட்டும் கேஸ் பிளாண்ட்டை டி.வி.எஸ். செய்து விற்றது. பழைய டயருக்கு ரப்பர் ஒட்டிப் புதுப்பிக்கும் ஆலையையும் அப்போதே தொடங்கியது. டெட்ராய்ட் இதில் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பற்றாக்குறை சொல்லிக் கொடுத்தது.

அதே போர்க் காலத்தில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் இந்தியாவில் முழுதாகக் கார் செய்ய விரும்பி அமெரிக்காவின் கதவுகளைத் தட்டினார். பொறியாளர் விசுவேசுவரய்யா அதற்கு முன்பே திட்டம் தீட்டி வைத்திருந்தார். ஃபோர்டு பக்கம் பேச்சு கனடாக் கம்பெனியின் வாசலில் நின்றுபோனது. கிரைஸ்லர் இசைந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசு கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. 1944-ல் வால்சந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸால் விடுதலை ஆண்டில்தான் டாட்ஜ், பிளிமத் வண்டிகளை வெளியிட முடிந்தது. பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைக் கோத்தது. மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டது. ஒரு வேடிக்கை. 1941-ல் ஹென்றி ஃபோர்டு காந்திக்கு மரியாதைக் கடிதம் எழுத, காந்தி பதிலுக்குத் தாம் கையெழுத்திட்ட ராட்டை ஒன்றை அனுப்பிவைத்தார். உலகின் பெரிய எந்திர முதலாளிக்கு நூற்பவர் கொடுத்த பரிசு அது. காரை இங்கே செய்வது பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

1953-ல் வரி ஆணையம் ஒரு கேள்வி கேட்டது. செய்கிறாயா, கோக்கிறாயா? படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் இடம் என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-வாக்கில் கடையைக் கட்டின. இதை நேருவின் சோஷலிசம் அமெரிக்கர்களைத் துரத்திய கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. நாட்டின் மொத்தத் தேவை ஆண்டுக்குச் சில பத்தாயிரம் வண்டிகள். ஒருநாளில் ஒன்பதாயிரம் வண்டி செய்து பழகியவர்களுக்கு அச்சுகளும் பிரஸ்களும் இங்கே இறக்குவது வீண் செலவு. கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. சிறிய அளவில் செய்யப் பழகிய பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்தது. சென்னையில் மிஞ்சிய இரண்டு கம்பெனிகளும் அவர்கள் கை கோத்தவை. எண்ணூரில் ஆஸ்டின் கோத்துத் தொடங்கி லேலண்டுக்கு மாறிய அசோக் ஒன்று, வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு மற்றொன்று. சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைச் செய்து, பிரீமியரின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்க உடலுக்குள் சென்னையில் செய்த ஆங்கிலேய இதயம்!

இந்த முடிவுக்கு வாடிக்கையாளர் கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அம்பாசிடரும் பியட்டும் தவிர வழியில்லாமல், பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அதே வேலிக்குள்தான் சென்னையின் பாடி தொழிற்பகுதி உருவானது. 1960 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று சக்கரமும் ஸ்டார்ட்டரும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் அங்கே எழுந்தன. 1929-ல் வண்டியும் பாகமும் விற்கத் தொடங்கிய ரானே இதே காலத்தில் வால்வும் ஸ்டீயரிங்கும் செய்ய ஆரம்பித்தது. விற்பனையாளர்கள் உற்பத்தியாளர்களானார்கள். தொழில்நுட்பம் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தது. ஆனால் எந்தப் பாகம் எந்தச் சாலையில் எப்போது உடையும் என்ற அறிவு, செவர்லேயும் ஃபோர்டும் ஓடிய முப்பதாண்டுகளில் பட்டறையில் சேர்ந்தது. முதல் வருகையின் மிச்சம் அதுதான்.

இரண்டாம் வருகைக்கு வருவோம். 1995-ல் ஃபோர்டு, மகிந்திராவோடு பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்தது. முதல் எஸ்கார்ட் 1996-ல் மகிந்திராவின் நாசிக் ஆலையில் உருண்டது. தமிழக அரசு நிலமும் வரிச் சலுகையும் கொடுத்து அழைக்க, செங்கல்பட்டுச் சாலையில் மறைமலை நகரில் சுமார் 350 ஏக்கரில் ஆலை எழுந்தது.  1998-ல் ஃபோர்டு தன் பங்கை உயர்த்திக்கொண்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. மறு ஆண்டு ஐகான் வந்தது. ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் இந்தியாவை மனதில் வைத்துச் செய்த செடான். கோப்பு வேலைக் காலம் போய்விட்டது. பிரஸ் ஷாப், பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், பின்னாளில் எஞ்சின் என எல்லாம் ஒரே வளாகத்தில். 1953-ல் கேட்ட கேள்விக்கு நாற்பத்தைந்து ஆண்டு தாமதமாகப் பதில் வந்தது.

அதோடு வந்தது வெண்டர் என்ற சொல்லால் எல்லோரும் குறிக்கும் உலகம். ஒரு பெரிய ஆலையைச் சுற்றி இருக்கை செய்கிறவர், ஒயர் கட்டுகிறவர், பிளாஸ்டிக் ஊற்றுகிறவர் என்று சிறு கம்பெனிகள் சூழ்ந்தன. 1996-லேயே போட்டியாக இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது, தன் கொரிய வெண்டர்களைக் கூட்டிக்கொண்டு. ஒருவருக்குப் பாகம் செய்கிறவர் மற்றவருக்கும் செய்யலாம் என்ற நிலை வந்தபோதுதான் இந்தப் பக்கம் தொழில் வட்டாரமானது. ரெனோ, நிசான், டெய்ம்லர் ஒரகடத்துக்கு வந்ததற்கு நிலமும் துறைமுகமும் காரணம் என்றால், ஏற்கெனவே பழகியிருந்த இந்த வெண்டர்களும் கைகளும் அதற்குச் சமமான காரணம்.

2010-ன் ஃபிகோ ஃபோர்டின் நல்ல காலம். 50 கோடி டாலர் முதலீட்டில் ஆலையின் திறனை ஆண்டுக்கு 2 லட்சம் வண்டியாகப் பெருக்கினார்கள். 2013-ல் ஈகோஸ்போர்ட் வந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்குக் கலால் வரி குறைவு என்ற நம் அரசின் விதிக்கு ஏற்ப, நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் இழுத்துப் பிடித்துச் செய்த வண்டி அது. 2018 முதல் அதே ஈகோஸ்போர்ட் மறைமலை நகரிலிருந்து அமெரிக்காவுக்கே கப்பலேறியது. கனடாவிலிருந்து பெட்டியில் வந்த வண்டியைச் சென்னை முடுக்கிய நாளிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள். மிச்சிகனில் ஒருவர் ஃபோர்டு விற்பனையாளரிடம் போய் வாங்கிய ஃபோர்டு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் கையில் உருவானது. இந்தச் செய்தி அப்போது இங்கே பெரிய தலைப்பாக வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பிறகு ஏன் போனார்கள்? செய்யத் தெரியாமல் போகவில்லை. விற்கத் தெரியாமல் போனார்கள். மாருதியும் ஹூண்டாயும் சிறு கார் வாங்குகிறவரை இரண்டாம் வண்டி, மூன்றாம் வண்டி என்று படியேற்றிக்கொண்டே போயின. ஃபோர்டிடம் ஒரு நல்ல வண்டிக்கும் அடுத்த நல்ல வண்டிக்கும் இடையே நீண்ட வறட்சி. ஈகோஸ்போர்ட் திறந்துவிட்ட சந்தையை மற்றவர்கள் புதுப்புது மாடல்களால் நிரப்பியபோது, அது பழைய முகத்தோடு நின்றது. பராமரிப்புச் செலவு அதிகம் என்ற பெயரைத் துடைக்கப் பின்னாளில் எவ்வளவோ முயன்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே 2015-ல் குஜராத்தின் சனந்தில் இன்னொரு பெரிய ஆலை. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 4,40,000 வண்டி செய்யலாம். 2020–21-ல் உள்நாட்டு விற்பனை ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை. என் கணிப்பில் மறைமலை நகரைக் கவிழ்த்தது சனந்துதான். மகிந்திராவோடு மறுபடி கூட்டுச் சேரும் முயற்சியும் 2020 கடைசி நாளில் முறிந்தது.

2021 செப்டம்பர் 9 அன்று வண்டி உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் செயல்பாட்டு நஷ்டம், சுமார் 4,000 பேர் பாதிப்பு. மறைமலை நகரில் அடுத்த கோடைவரை ஏற்றுமதி வண்டிகள் மட்டும் ஓடின. மூடப்போகிற ஆலையில் கடைசி வண்டிகளை முடுக்கிக்கொண்டே செட்டில்மெண்ட்டுக்குப் போராட வேண்டிய நிலை தொழிலாளர்களுக்கு. 2022 மே இறுதியிலிருந்து உற்பத்தியை நிறுத்தி உட்கார்ந்தார்கள். பெர்மனெண்ட் ஆட்களுக்கு யூனியன் இருந்தது, பேசிப் பெற்றார்கள். ட்ரெய்னிக்கும் காண்ட்ராக்ட் ஆளுக்கும் வெண்டர் கம்பெனியில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வாங்கியவருக்கும் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி போடப்படவில்லை. அறிவிப்பு சொன்ன நாலாயிரத்தில் அவர்கள் கணக்கில் இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டாம் வருகையும் இதே போல்தான் முடிந்தது. 2017-ல் உள்நாட்டு விற்பனையை நிறுத்தியது. ஹலோல் ஆலை சீனக் கம்பெனிக்கும் தலேகாவ் ஆலை ஹூண்டாய்க்கும் போயின. ஃபோர்டின் சனந்தை டாடா வாங்கியது. 2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவரை வாங்கிய அதே டாடா. அமெரிக்காவின் புதிய பெயரான டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தது; வண்டி முழுசாகக் கப்பலில் வருகிறது. 1928-க்கு முந்தைய நிலை.

இரண்டாம் முறை மிஞ்சியது என்ன? முதல் முறை பட்டறை அறிவு மிஞ்சியது. இம்முறை வெண்டரும் என்ஜினியரும். டி.வி.எஸ். குடும்பத்துச் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸின் ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு வரிசையை வாங்கி, டெட்ராய்ட்டுக்கே மூடி அனுப்பத் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருதும் வாங்கியது. ஒருகாலத்தில் செவர்லே விற்ற வீடு அது. மறைமலை நகருக்குப் பக்கத்திலேயே மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஜீப் கோத்துத் தொடங்கிய கம்பெனி இன்று தன் வண்டிகளை அங்கே வரைகிறது. ஃபோர்டும் முழுதாகப் போய்விடவில்லை. வண்டி விற்பதை நிறுத்திய பிறகும் தமிழ்நாட்டில் அதன் உலகளாவிய தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளில் 12,000 பேர் இருப்பதாக 2024-ல் அதுவே சொன்னது. காரைச் செய்த கை வெளியே, காரைக் கணினியில் வரைகிற கை உள்ளே. காஞ்சிப் பக்கத்து ஐடிஐ படித்த பையனுக்கு முந்தையது திறந்த கதவு. பிந்தையதற்கு வேறு படிப்பு வேண்டும்.

2025 அக்டோபர் 31 அன்று ஃபோர்டு தமிழக அரசோடு புதிய ஒப்பந்தம் போட்டது. மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தி தொடக்கம் 2029. கார் கிடையாது, எஞ்சின் ஏற்றுமதிக்கு. மூன்றாம் வருகை என்று பத்திரிகைகள் எழுதின. இந்திய வாடிக்கையாளரை நம்பி இரண்டு முறை கணக்குத் தவறிய கம்பெனி, இந்த முறை அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை; இங்குள்ள கையையும் வெண்டரையும் மட்டும் கேட்கிறது. வணிகமாகப் பார்த்தால் இதுவரை அது செய்த கணக்குகளில் இதுதான் நிதானமானது. சொல்லப்பட்ட நேரடி வேலைகள் 600-க்குச் சற்று மேல். 2022-ல் நாற்பது வயதில் செட்டில்மெண்ட் வாங்கிப் போனவருக்கு அந்த எஞ்சின் லைன் ஓடத் தொடங்கும்போது நாற்பத்தேழு. அவரை மறுபடி எடுப்பார்களா, இருபது வயது ட்ரெய்னியை எடுப்பார்களா என்பதைப் பற்றி ஒப்பந்த அறிவிப்பில் ஒரு வரி இல்லை.